பழைய காமிராவும் ஷட்டர் எண்ணும்

மாடு வாங்கச் செல்வோர் முதற்கண் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். பல் வயதைச் சொல்லும். ஆயினும் பல்லை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக்கொடுக்கும் உழவன் எவனுமிலன். மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பான். குளம்பைத் தூக்கிப் பார்ப்பான். எவ்வூர் மாடு, எவர் கையில் வளர்ந்தது என வினாவுவான். பழைய காமிரா வாங்கும் இக்காலத்து இளைஞரோ பல்லோடு நின்றுவிடுகின்றனர். “ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?” என்பதே அவர்தம் முதல் வினா, பெரும்பாலும் அதுவே கடைசி வினாவும். இவ்வழக்கம் பொருந்தாதென்பது எம் கருத்து. நோணாங்குப்பத்தில் யாம் கண்ட ஒன்றைக்கொண்டு அதனை விளக்கப் புகுகின்றோம்.

எம் வகுப்புத் தோழர் ஒருவர் திருமணப் படங்கள் எடுத்துத் தம் படிப்புச் செலவை ஈட்டக் கருதினார். விடுமுறைகளில் உழைத்துச் சேர்த்த பொருளும், அவர் தாயார் இரண்டு வளையல்களை அடகுவைத்துத் தந்த பொருளும் கையிலிருந்தன. புதுக் காமிராவுக்கு அவை போதா. ஆதலின், 2018-இல் வெளிவந்த நிக்கான் இசட்-6 என்னும் மிரர்லெஸ் காமிராவைப் பழையதாக வாங்கத் துணிந்தார். இரண்டு காமிராக்கள் விலைக்கு வந்தன. நோணாங்குப்பத்துப் படப்பிடிப்பாளர் ஒருவரிடமிருந்ததன் எண் 19,000. புதுச்சேரி நகரத்து ஸ்டூடியோ ஒன்றிலிருந்ததன் எண் 1,12,000. முன்னதற்கு விலை 9,000 ரூபாய் மிகுதி. மிகுதியானாலும் அதனையே வாங்குவதென அவர் முடிவுசெய்திருந்தார். துணைக்கு யாமும் சென்றோம்.

இவ்விடத்து ஷட்டரின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். சென்ஸாருக்கு முன்னே நிற்கும் இரண்டு மெல்லிய திரைகளே ஷட்டராம். ஒரு திரை விலக ஒளி புகும். மறுதிரை மூட ஒளி நிற்கும். ஆடியுள்ள பழைய வகைக் காமிராவில், படமெடாத நேரத்து ஷட்டர் மூடிக்கிடக்கும். அதற்கு முன்னே ஆடியும் காவல் நிற்கும். 2008-இல் பானசோனிக் ஜி-1 வெளிவந்த பின்னர்ப் பரவிய மிரர்லெஸ் காமிராவிலோ ஆடியில்லை. காட்சியைச் சென்ஸாரே கண்ணுக்கு அனுப்பவேண்டுமாதலின், காமிரா இயங்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும். எந்திர ஷட்டரால் ஒரு படமெடுப்பதற்குத் திரைகள் மூடித் திறந்து, மீண்டும் மூடித் திறக்கவேண்டும். இவ்வுழைப்பையே எண் கணக்கிடுகின்றது. இசட்-6-இன் ஷட்டர் 2,00,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டதென நிக்கான் நிறுவனத்தார் கூறுவர். அதற்குமேல் ஒருநாளும் ஓடாதென்பதோ, அதுவரை தவறாது ஓடுமென்பதோ அதன் பொருளன்று.

எண் சொல்லாதன பல. திரைப்படம் போலும் வீடியோ எடுக்குங்கால் திரைகள் படந்தோறும் அசைவதில்லை. பல மணிநேரம் வெயிலில் காய்ந்து வீடியோ எடுத்த காமிராவும் எண்ணளவில் இளங்கன்றாகவே தோன்றும். மின்முறையில் ஓசையின்றி எடுக்கும் படத்துக்கும் திரைகளுக்கு உழைப்பில்லை. 2021-இல் வந்த நிக்கான் இசட்-9-இல் எந்திர ஷட்டரே கிடையாது. அங்கே இவ்வினாவை எழுப்புவோர் யாது விடை பெறுவரோ!

நிற்க. நோணாங்குப்பம், புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 8 கிலோமீட்டரில், சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ளது. அங்குள்ள படகுத்துறையினின்று படகேறி முகத்துவாரத்து மணற்கடற்கரைக்குச் செல்வோர் பலர். மணமக்களை அம்மணலில் நிறுத்திப் படமெடுப்பதும் பெருவழக்காயிற்று. கண்ணுக்கு இனிய இடம். காமிராவுக்கோ கொடிய இடம். உப்புக்காற்று திருகாணிகளை அரிக்கும். காற்றில் பறக்கும் நுண்மணல், லென்ஸை மாற்றும் அரை நிமிடத்தில் திறந்த வாயில் வழியே புகுந்துவிடும். இரும்பும் இயந்திரமும் கடற்கரையில் என்ன பாடுபடுமென்பது குப்பத்து மீனவர் யாவரும் அறிந்ததே.

காமிராவைக் கையில் வாங்கினோம். வெளித்தோற்றம் பளபளப்பாகவே இருந்தது. ஆனால் பிளாஷ் பொருத்துமிடத்துத் திருகாணிகளில் துரு. லென்ஸ் வளையத்தின் இடுக்கில் மணல். தோழரின் முகம் சற்றே வாடிற்று. விற்பவர் அறையினுள்ளேயே படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்.இ.டி. விளக்கொளியில் எடுத்தால் அதன் துடிப்பினாலேயே படத்தில் பட்டைகள் விழுதலுண்டு. பழுது எது, விளக்கு எது எனப் பகுத்தறிய இயலாது. ஆதலின் வெளியே வந்து, எந்திர ஷட்டர் என அமைத்து, ஒரு நொடியில் 8,000-இல் ஒரு பங்கு வேகத்தில், தெளிந்த வானத்தை நோக்கி அடுத்தடுத்து முப்பது படங்கள் எடுத்தோம். அவற்றுள் ஐந்தில் ஓர் விளிம்பு கருத்திருந்தது. திரைகள் இரண்டும் ஒத்து ஓடவில்லை என்பதற்கு அதுவே சான்று. துளையை எஃப்-16 அளவுக்குச் சுருக்கி மீண்டும் வானத்தை எடுத்தபோது புள்ளிகள் பல தோன்றின.

“சர்வீஸ் பண்ணினால் சரியாகிவிடும், தம்பி, கவுண்ட் கம்மிதானே” என்றார் அவர். அவர் பொய்யுரைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். 19,000 என்ற எண் மெய்யே. அவர் எடுத்தது பெரும்பாலும் வீடியோ.

மாலையில் நகரத்து ஸ்டூடியோவுக்குச் சென்றோம். அவர்கள் முன்னரே வாட்ஸாப் வழியாக ஒரு படத்தை அனுப்பியிருந்தனர். எண்ணறிய அது பயன்படாது. அவ்வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படத்தினின்று உட்குறிப்புகள் நீங்கிவிடும். கோப்பின் பெயரிலுள்ள எண்ணும் 9999-க்குப்பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாதலின், அதனை நம்புதலும் பேதைமை. எம் அட்டையிலேயே புதிதாக ஒரு படமெடுத்து, எக்ஸிஃப்டூல் என்னும் இலவச மென்பொருளால் படித்தோம். அவர்கள் சொன்ன எண்ணே வந்தது. வானத்தை எடுத்த முப்பது படங்களும் ஒரே சீராயிருந்தன. அக்காமிரா பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்ளேயே உழைத்தது. மூலையில் வண்ணம் தேய்ந்திருந்ததேயன்றி வேறு குறையில்லை.

எண் வீணென யாம் சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஒரே கையில் உழைத்த இரண்டனுள் எண் குறைந்ததே சிறந்தது. ஷட்டர் தேய்ந்தால் புதிது பொருத்தலாம். செலவுண்டு, ஆயினும் வழியுண்டு. உப்பு உள்ளே புகுந்து மின்பலகையை அரித்ததாயின், பழுதுபார்ப்போரே கைவிரித்தலும் உண்டு. இதனைப் பாராது எண்ணொன்றுக்காக 9,000 ரூபாய் மிகுதியாகக் கொடுப்பது, பல் இளையதென்று நொண்டி மாட்டை ஓட்டிவருதல் போலாம். விற்பவர்க்கும் ஒரு கடமையுண்டு: வாங்குவோர் கேளாவிடினும், காமிரா எங்கே உழைத்ததென்பதை எண்ணோடு சேர்த்துச் சொல்லவேண்டும். கேட்டால் சொல்வோம் என்பது போதிய நேர்மையன்று.

தோழர் நகரத்துக் காமிராவையே வாங்கினார். எஞ்சிய 9,000 ரூபாயில் ஒரு பழைய பிளாஷும் இரண்டு அட்டைகளும் வந்தன. முதல் திருமணத்தில் 1,400 படங்கள் எடுத்தார். எண் 1,13,000-ஐத் தாண்டிற்று. வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்று தை மாதத்து முகூர்த்தங்களை எதிர்நோக்கி அடகுக்கடையிலேயே இருக்கின்றது.