முசாஷி மண்வெட்டி பிடித்ததில் என்ன பிழை?

டகெஹிகோ இனோவேயின் 'வாகபாண்ட்' மங்காவைப் படித்தவர்கள் யாரிடம் பேசினாலும் கடைசித் தொகுதிகளைப் பற்றி ஒரே தீர்ப்புதான் வருகிறது. முதல் முப்பது தொகுதிகளும் அமர்க்களம், முசாஷி வயலில் இறங்கியதும் கதை படுத்துவிட்டது என்கிறார்கள். வாளை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டாந்தரையைக் கொத்திக்கொண்டிருக்கும் நாயகனை எத்தனை அத்தியாயம் பார்ப்பது என்று அலுத்துக்கொள்கிறார்கள். புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களிடம், "அந்த இடம் வந்ததும் புரட்டிக்கொண்டே போய்விடு" என்று யோசனையும் சொல்லி அனுப்புகிறார்கள். வந்திருக்கும் 37 தொகுதிகளில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பவை 35, 36, 37 ஆகிய மூன்றும்தான். அதனால் இந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் குற்றச்சாட்டு, கதையை வளர்க்க வழி தெரியாமல் இனோவே விவசாயத்தை இடையில் செருகிவிட்டார் என்பது. இதைச் சொல்கிறவர்கள் மூலநூலைத் திறந்து பார்க்கவில்லை. 'வாகபாண்ட்' எய்ஜி யோஷிகாவாவின் 'மியாமோட்டோ முசாஷி' நாவலை அடியொற்றி எழுந்தது. அந்த நாவல் 1935 முதல் 1939 வரை ஆசாஹி நாளிதழில் தொடராக வெளிவந்தது. அதிலேயே முசாஷி ஷிமோசா சமவெளியில் ஹோதென்கஹாரா என்ற பொட்டலுக்கு வந்து சேர்கிறான், இயோரி என்ற சிறுவனைச் சந்திக்கிறான், அங்கேயே தங்கி நிலத்தைத் திருத்துகிறான். வெள்ளம் வந்து அத்தனை உழைப்பையும் அடித்துக்கொண்டு போகிறது. தண்ணீரைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கப் பார்த்ததுதான் தப்பு என்று அவனுக்கு உறைக்கிறது.

இயோரியை அவன் சந்திக்கும் கட்டத்தை நாவலில் படித்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். இரவில் ஒரு குடிசையில் தங்க இடம் கேட்டுப் படுத்திருக்கிறான் முசாஷி. கத்தி தீட்டும் சத்தம் கேட்டு விழிக்கிறான். தன்னைக் கொல்லத்தான் தீட்டுகிறார்களோ என்று எழுந்து பார்த்தால், சிறுவன் ஒருவன் உட்கார்ந்து வாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா செத்துவிட்டார். அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் அவரைப் புதைக்க வேண்டும். முழு உடலையும் தூக்கிச் செல்ல இவனுக்குப் பலம் போதாது. இரண்டாக வெட்டினால் தூக்கிவிடலாம் என்று வாளைத் தீட்டுகிறான். ஒரு வாள் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று யோஷிகாவா அந்த ஒரு கட்டத்திலேயே காட்டிவிடுகிறார். இங்கிருந்துதான் முசாஷியின் விவசாயம் தொடங்குகிறது. இதைப் போய் இடைச்செருகல் என்றால் எப்படி?

இனோவே மூலத்தை மீறிய இடம் வேறு. முசாஷியின் பெரும் எதிராளியான கோஜிரோ, யோஷிகாவாவிடம் வாய்ச்சவடால் அடிக்கும் பகட்டுக்காரன். இனோவே அவனைப் பிறவியிலேயே காது கேளாதவனாக மாற்றி, 14-ஆம் தொகுதி முதல் 20 வரை கதையை அவன் பக்கமே ஓட்டினார். அதைக் கொண்டாடும் அதே வாசகர்கள், மூலத்தில் இருக்கிற வயலைப் பார்த்துக் கதை தடம்புரண்டுவிட்டது என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு, சண்டை இல்லை என்பது. சரி, இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். இச்சிஜோஜியில் யோஷியோகா வாள்பள்ளியின் 70 பேரை முசாஷி ஒற்றையாளாக எதிர்கொள்கிறான். அத்தியாயம் அத்தியாயமாக வெட்டுகிறான். ஒரு கட்டத்துக்கு மேல் எதிரிகளின் முகங்கள்கூடப் பதிவதில்லை. களைப்பும் குளிரும் ரத்தமும்தான் மிஞ்சுகின்றன. கடைசியில் கால் கெட்டு, இனிப் பழையபடி நடப்பானா என்பதே சந்தேகமாகிறது. இதற்கு மேல் ஒரு சண்டையை எப்படி வரைவது? அடுத்து 100 பேரா? 150 பேரா? ஒவ்வொரு எதிரியையும் முந்தையவனைவிடப் பெரியவனாகக் காட்டிக்கொண்டே போகும் ஏணியில் எத்தனையோ சண்டைக் கதைகள் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்றிருக்கின்றன. இனோவே அந்த ஏணியிலிருந்து நாயகனை இறக்கினார்.

சரித்திர முசாஷியும் இதற்குச் சாட்சி. 1643-இல் ரெய்கன்தோ குகையில் எழுதத் தொடங்கிய 'ஐந்து வளையங்களின் நூல்' முன்னுரையில் அவர் தன் கதையைச் சொல்கிறார். 13 வயதில் தொடங்கி 28, 29 வயதுக்குள் 60-க்கும் மேற்பட்ட மோதல்களில் தோற்கவே இல்லை. ஆனால் 30 வயது தாண்டியபின் திரும்பிப் பார்த்தபோது, அந்த வெற்றிகள் எல்லாம் கலையில் தேர்ந்ததால் கிடைத்தவை அல்ல என்று தெரிந்ததாம். இயல்பான திறமையாக இருக்கலாம், எதிராளியின் குறையாக இருக்கலாம் என்கிறார். அதன்பின் இரவும் பகலும் தேடி 50 வயதில்தான் வழி பிடிபட்டதாக எழுதுகிறார். வெற்றிகள் முடிந்த இடத்தில்தான் அந்த மனிதரின் தேடல் ஆரம்பமாகிறது. அந்த இருபது வருடத் தேடலை வெறும் வாள் வீச்சாக வரைந்திருந்தால் அதுதான் பொய்யாக இருந்திருக்கும்.

சண்டையே இல்லை என்பதும் சரியில்லை. முசாஷி முதலில் நிலத்தோடு மோதுகிறான். எதிரியை வெட்டுகிற அதே வேகத்தில் இறுகிப்போன தரையில் மண்வெட்டியை இறக்குகிறான். கல்லில் பட்டுத் தெறிக்கிறது. தோள் வலிமையை நம்புகிறான், தோற்கிறான். நெல்லின் குணம் அறிந்த ஷூசாகு கிழவரிடம் போய்ப் படிய வேண்டியிருக்கிறது. வாள்வீரர்கள் யாரிடமும் தலை வணங்காதவன், சிடுசிடுக்கும் ஒரு குடியானவரின் பின்னால் மாணவனாகப் போய் நிற்கிறான். முன்பு ஈட்டி வீரன் இன்ஷுனுக்கு முன்னால் நின்றதைவிட இது லேசான போட்டி என்று எனக்குத் தோன்றவில்லை.

சாமுராய் கதையில் வயலுக்கு என்ன வேலை என்பதுதான் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கால ஜப்பானில் ஒரு பிரபுவின் அந்தஸ்தை எதைக்கொண்டு அளந்தார்கள்? அரிசியைக்கொண்டு. அளவின் பெயர் கோக்கு. ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஆளின் ஒரு வருடச் சாப்பாடு என்று கணக்கு. கொகுராவை ஆண்ட ஹொசொகாவா குடும்பத்தின் நிலம் சுமார் 4 லட்சம் கோக்கு விளையும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. எத்தனை வீரர்களை வைத்துக்கொள்ளலாம், போருக்கு எத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்தவை. வீரனுக்குத் தரும் படியும் கோக்குதான். முசாஷியை முந்நூறுக்கு எடுக்கலாமா, ஆயிரத்துக்கு எடுக்கலாமா என்று பிரபுக்கள் பேரம் பேசினால், அந்தப் பேரத்தில் இருப்பது யாரோ ஒரு குடியானவன் நாற்று நட்டுக் களை பறித்து அறுத்த நெல்.

இன்னொன்றும் உண்டு. 1588-இல் டொயோடொமி ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையும் ஆயுதங்களையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். 1591-இல் வந்த இன்னோர் ஆணை, வீரன் குடியானவனாகவோ வணிகனாகவோ மாறக்கூடாது, குடியானவன் நிலத்தை விட்டுப் போகக்கூடாது என்றது. அதற்கு முந்தைய தலைமுறையில் வேனிலில் உழுதுவிட்டுப் போர் வந்தால் ஈட்டியைத் தூக்கிய ஆட்கள் ஏராளம். அவர்களுக்கு நடுவே கோடு கிழித்து, வாள் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். 1600-இல் செகிகஹாராவில் பிணங்களுக்கு நடுவே கண்விழிக்கும் டகெஸோவும் (முசாஷியின் இளவயதுப் பெயர்) அவன் நண்பன் மதஹாச்சியும் இந்தக் கோடு இன்னும் ஈரமாக இருந்த காலத்துப் பையன்கள். வாளேந்தியவன் பெரியவன் என்ற நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் டகெஸோ ஊரைவிட்டு ஓடுகிறான். அவனை மறுபடி அந்தக் கோட்டைத் தாண்டச் செய்து சேற்றில் நிறுத்துவது சாமுராய் கதையிலிருந்து விலகிப் போவதாகாது. மற்ற சாமுராய் கதைகள் சோறு எங்கிருந்து வருகிறது என்று காட்டாமலே வாளை மட்டும் பளபளவென்று காட்டுகின்றன. இனோவே அந்தச் சோற்றை வரைந்தார்.

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954) நாற்று நடவோடு முடிகிறது. மிஞ்சிய மூன்று வீரர்களும் தோழர்களின் மேட்டுச் சமாதிகளுக்குக் கீழே நிற்க, ஊர் மேளம் கொட்டிப் பாடி நடுகிறது. அதை உலக சினிமாவின் சிகரம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், முசாஷி வயலில் குனிந்தால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.

மெதுவாகப் போகிறது, பக்கம் பக்கமாக வசனமே இல்லை என்றும் குறை சொல்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறது. நெல் அவசரப்படாது. வாரப் பத்திரிகையில் தவணை தவணையாகப் படித்தவர்களுக்கு இது கஷ்டமாக இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. நடுநடுவே கொகுராவில் கோஜிரோ பக்கம் கதை தாவும்போது தொடர்பு அறுவதும் உண்மை. ஆனால் தொகுதியாகக் கையில் எடுத்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். கோஜிரோவின் கதையை வரைந்த காலத்தில் இனோவே பேனாவை விட்டுத் தூரிகைக்கு மாறினார். அந்தத் தூரிகைக்கு வாள் வீச்சைவிட மழையும் சேறும் ஒட்டிய வயிறும் பொருந்தி வருகின்றன. பட்டினிக் காலத்து முகங்களில் கன்னக்குழியை அவர் ஒரே மை இழுப்பில் போடுகிறார். கோடு வறண்டு பாதியில் நின்றுவிடுகிறது, அந்த வறட்சியிலேயே பசி தெரிகிறது. முசாஷி தண்ணீருக்குள் கைவிட்டு மண்ணைப் பிசையும் படங்களில் விரல் எது, சேறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவற்றுக்கு வசனம் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

கொஞ்சம் கனமான குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கிறது: வாள்வீரன் வந்து ஏழை ஊரைக் காப்பாற்றும் பழைய புல்லரிப்புக் கதைதானே இது? அப்படி இருந்திருந்தால் நானும் புரட்டிக்கொண்டு போயிருப்பேன். முசாஷி யாரையும் காப்பாற்றவில்லை. அவனுடைய முதல் முயற்சி ஒன்றுமில்லாமல் போகிறது. பட்டினியில் ஆட்கள் சாகிறார்கள், அவன் கண்முன்னால் சாகிறார்கள். 70 பேரை வெட்டிய கையால் ஒரு பிடி தானியத்தை வரவழைக்க முடியவில்லை. கடைசியில் தன்னைத் தேடி வந்த ஹொசொகாவா ஆட்களிடம் தலைதாழ்த்தி ஊருக்கு உணவு கேட்கிறான். தனித்து நிற்பதையே பெருமையாக நினைத்தவன், தன் பெயருக்கு இருக்கும் விலையை அரிசியாக மாற்றுகிறான். அந்தப் பெயரை அவன் சம்பாதித்தது கொலையில் என்பதை இனோவே மறைக்கவில்லை, நாமும் மறக்க முடியாது. நிலத்தை விளையவைத்தது ஷூசாகுவின் அனுபவமும் ஊராரின் கைகளும். முசாஷி அந்த வரிசையில் ஒரு கை, அவ்வளவுதான்.

கடைசியாக, இனோவே களைத்துவிட்டார், வழி தவறினார், அதனால்தான் வயலும் வந்தது, தொடரும் நின்றது என்கிறார்கள். தேதிகளைப் பார்ப்போம். உடல்நலக் குறைவால் 2010-இல் தொடரை நிறுத்தி 2012-இல் மறுபடி தொடங்கினார். 37-ஆம் தொகுதி 2014 ஜூலையில் வந்தது. 2015-இல் சில அத்தியாயங்கள் வெளியாகி மறுபடி நின்றது. இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் முன்பே, 2008-இல், டோக்கியோவின் உவேனோ ராயல் அருங்காட்சியகத்தில் 'கடைசி மங்கா கண்காட்சி' நடந்தது. அதற்காக அவர் பெரிய தாள்களில் மையால் வரைந்தது முதிர்ந்த முசாஷியின் இறுதி நாட்களை. அறை அறையாக நடந்து போய்ப் பார்க்க வேண்டிய மங்கா அது. முசாஷி எங்கே போய்ச் சேர்வான் என்பதை வரைந்து பொது மக்களுக்குக் காட்டியபின்தான் அவனை வயலுக்கு அனுப்பினார். வழி தெரியாதவர் செய்கிற காரியமா இது?

இடைவெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கியோட்டோவின் ஹிகாஷி ஹோங்கன்ஜி கோயிலுக்காகத் துறவி ஷின்ரானை மடிப்புத் திரைகளில் வரைந்து 2011-இல் முடித்தார். அதில் ஷின்ரானைச் சூழ்ந்து நடப்பவர்கள் பெயரில்லாத ஏழை ஜனங்கள். கூன் விழுந்தவர்கள், பிள்ளையை இடுக்கியவர்கள், வற்றிப்போன முகங்கள். அந்தத் திரைகளைப் பார்த்துவிட்டு 36-ஆம் தொகுதியின் ஊராரைப் பாருங்கள். ஒரு கலைஞன் சில வருடங்களாக யாரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்துவிடும்.

தொடர் முடியவில்லை என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது. கன்ர்யூ தீவில் கோஜிரோவும் முசாஷியும் எதிரெதிரே நிற்பதை இனோவேயின் தூரிகையில் பார்க்க ஆசையாகக் காத்திருக்கிறேன். அவர் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தை எழுதி இயக்கி 2022-இல் வெளியிட்டபோது, இனி இதற்குத் திரும்புவார் என்று நம்பினேன். முடிக்காததற்காக அவரோடு சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். அந்தக் கோபத்தை 35, 36, 37-இன் மேல் காட்டாதீர்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் அந்த மூன்றையும் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள்.