விவசாயம் சாராதவர்களா நாம்?

வங்கி விண்ணப்பங்களிலும் அரசு அறிக்கைகளிலும் "விவசாயம் சாராத தொழில்" என்று ஒரு தலைப்பு வருகிறது. விவசாயமும் அதன் துணைத் தொழில்களும் அவற்றின் கூலி வேலையும் நீங்கலாக மற்ற தொழில்களை எல்லாம் இதில் அடக்குகிறார்கள். தச்சரும் தையல்காரரும் லாரி ஓட்டுநரும் மளிகைக் கடைக்காரரும் இங்கே ஒரே இனம்.

கணக்கெடுக்க இப்படிப் பிரிப்பது தேவைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உழைப்பவர்களை நான்காகப் பிரித்தார்கள்: சாகுபடியாளர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், இதரர். வணிகர்களாகிய நாம் இந்த "இதரர்" கூட்டத்தில் இருக்கிறோம்.

அமெரிக்காவில் மாதந்தோறும் இதே பெயரில் ஒரு வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகிறது. அது வெளியாகும் நாளில் தங்கம் விலை ஏறி இறங்குவதை நகை வணிகர்கள் அறிவார்கள். அதில் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். சொந்தக் கடை நடத்தும் முதலாளிக்கு இடமில்லை. ஆக, சொல் ஒன்றானாலும் பொருள் இடத்துக்கு இடம் மாறும்.

நமக்கு உறுத்துவது "சாராத" என்ற சொல்தான். ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியை எடுத்துக்கொள்வோம். மலைக்குடும்பம் மழைக்காலத்தில் சாமை விதைக்கிறது. கோடையில் புளி உலுக்கிக் கொட்டை நீக்குகிறது. மற்ற நாட்களில் கூலிக்கு இறங்குகிறது. இவர்களுக்கு அரிசி, எண்ணெய் கொடுக்கும் கடைக்காரர் அறுவடையை நம்பியே கடன் எழுதுகிறார். மழை பொய்த்தால் அவருக்கு வசூல் நிற்கும். அவருக்கு நின்றால் மொத்த வியாபாரிக்கும் நிற்கும். நாம் விவசாயம் அல்லாத தொழில் செய்கிறோம் என்பது சரி. விவசாயத்தைச் சாராமல் பிழைக்கிறோம் என்பது சரியல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2017-இல் சிறு தொழில் பட்டியலிலிருந்து வணிகர்களை நீக்கினார்கள். 2021 ஜூலை 2-இல் மொத்த, சில்லறை வணிகர்களை மீண்டும் சேர்த்தார்கள். அதுவும் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இதுவரை பதியாத உறுப்பினர்கள் உடனே பதிவு செய்துகொள்வது நல்லது.

வறட்சி ஆண்டில் பயிர்க் கடனுக்குத் தவணை நீட்டிக்கும்போது, அதே ஊர் மளிகைக் கடைக்காரரின் கடனுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று நமது சங்கங்கள் வங்கிகளிடம் கேட்க வேண்டும். வயல் காய்ந்த ஊரில் கல்லாப்பெட்டி மட்டும் நிறைவதில்லை.