பதுளைக்கு எத்தனை எழுத்து?

'பதுளை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டால் ப, து, ளை என்று விரல்விட்டு எண்ணி மூன்று என்று சொல்லும். பைதன் 2இல் எழுதிய பழைய புரோகிராமிடம் கேட்டால் 15 என்று வரும். பைதன் 3இடம் கேட்டால் 5.

கணினிக்குள் இருப்பது எழுத்து இல்லை, பைட்டுகள். இன்று எல்லோரும் பாவிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ப, த, உகரக் குறி, ள, ஐகாரக் குறி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட்டு. பைதன் 2 தனது சாதாரண ஸ்ட்ரிங்கில் பைட்டுகளைத்தான் எண்ணியது. யூனிகோட் எழுத்துக்கு அதில் வேறொரு ஸ்ட்ரிங் இருந்தது. இரண்டும் கலக்கும்போது, பைட்டுகள் எல்லாம் ஆங்கிலம்தான் என்று அது தானாகவே நினைத்துக்கொள்ளும். 'சில்வா' என்று ஆங்கிலத்தில் எழுதிய பேர் சத்தமில்லாமல் போய்விடும். தமிழில் எழுதிய 'செல்வி' வந்தால் புரோகிராம் அப்படியே விழும். ஆங்கிலப் பேர்களை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது.

2008 டிசம்பரில் வந்த பைதன் 3 இந்தக் கலப்பை நிறுத்தியது. எழுத்து வேறு, பைட்டு வேறு, இது எந்த முறையில் எழுதப்பட்டது என்று நீயே சொல் என்கிறது. பழைய புரோகிராம்களை மாற்றுவது பெரிய தலையிடி என்று உலகம் முழுக்கப் பலர் முணுமுணுத்தார்கள். 2020 ஜனவரி 1இல்தான் பைதன் 2க்கான ஆதரவு முடிந்தது. எங்களுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அது தொல்லை. நமக்கு அது பாதுகாப்பு.

ஆனா மாற்றுகிற வேலையில்தான் ஆபத்து இருக்கிறது. '2டு3' மாதிரியான கருவிகள் இலக்கணத்தை மாற்றித் தரும். ஒரு ஸ்ட்ரிங்கில் இருப்பது எழுத்தா பைட்டா என்பதை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் 'இக்னோர்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவார்கள். புரியாத பைட்டைத் தள்ளிவிட்டுப் போ என்று அர்த்தம். ஆங்கிலம் என்று நினைத்து அப்படி வாசித்தால் தமிழ்ப் பேர் முழுசாகவே மறைந்துவிடும். பிழைச்செய்தியும் வராது. புரோகிராம் அழகாக ஓடும், பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். புரோகிராம் எழுதுவது எங்கள் பாடம் இல்லை. ஆனா பேர் நம்ம பிரச்சினை. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்துக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதியில் வேறொன்று. தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்ததை எழுதியதால் வந்த வினை. ஒரு எழுத்தைத் திருத்த, சத்தியக் கடதாசியோடு நாட்சம்பளத்தை விட்டுவிட்டு அலைய வேண்டும். பேனா செய்ததைக் கணினியும் செய்ய விடக்கூடாது.

பழைய பாமினி ஃபைல்கள் இன்னொரு சிக்கல். பாமினியில் அடித்த 'பதுளை', உள்ளே ஜி, ஜே, ஐ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அதனால் பைதன் 3உம் பிழை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். சரி, ஃபைல் முழுவதையும் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம் என்றால், பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் நிற்கும் ஆங்கில 'வி'யும் 'ஏ' ஆகிவிடும். எந்த நிரல் பாமினி, எந்த நிரல் ஆங்கிலம் என்று பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

யூனிகோடுக்கு வந்தபிறகும் வேலை முடியாது. 'பொன்னம்மா'வின் 'பொ'வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். தேடினால் பொன்னம்மா கிடைக்கமாட்டார். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைதனிலேயே வழி இருக்கிறது, ஒரு வரி வேலைதான்.

பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு மட்டும் போதாது, அதைத் தாங்குகிற புரோகிராமும் வேண்டும். அதனால் இந்தத் துறையில் இருக்கும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தமிழ்ப் பேர்களைப் போட்டுச் சோதியுங்கள். 'இக்னோர்' போடாதீர்கள், பிழை வந்தால் வரட்டும். மாற்றும் முன்னும் பின்னும் பட்டியலைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வேலைக்கு எங்களைக் கூப்பிட்டாலும் வருவோம்.