கணக்கில் வராத கோல்கள்

தகுதி இருந்தால் இடம் தானாக வரும் என்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' 2002இல் தொடங்கியபோது, முதல் பட்டியலில் இருந்த ஒரே பெண் லில்லி பார். அவர் இறந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1920 கிறிஸ்துமஸை ஒட்டி லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவருடைய 'டிக், கெர் லேடீஸ்' அணியின் ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். மறு டிசம்பரில், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. பார் 1951 வரை ஆடினார். ஏறக்குறைய அவருடைய ஆட்டக்காலம் முழுவதும் தடைக்காலம்தான்.

பெண்களுக்குச் சங்கம் லீக் நடத்தவில்லை, கோப்பை வைக்கவில்லை. பிறகு அவர்கள் கோல்களை யார் எண்ணி வைப்பார்? கதவை அடைத்தவர்களின் ஏடுகளைப் புரட்டிவிட்டு "சாதனைக்குச் சான்று எங்கே?" என்று கேட்பது நடுநிலை அல்ல; அதே தடையின் நீட்சி.

ஒரு பாரைச் சேர்த்ததால் கடன் தீர்ந்துவிடாது. அவரோடு ஆடிய பத்துப் பேரும் பந்தைத் தொட்டவர்கள்தாம். அந்த ஐம்பது ஆண்டுகளை ஆடியவர்களின் குறையாக எழுதாதீர்கள்; தடுத்தவர்களின் கணக்கில் எழுதுங்கள்.