பிடித்த மீனைத் திருப்பி விடுவது எப்போதும் கருணை ஆகாது



மகள் வீட்டுக்கு மினசோட்டா வந்து இரண்டு மாதம் ஆகிறது. "குளிர் எப்படி டீச்சர்?" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். பக்கத்து ஏரி முழுக்க ஐஸ், அதன் மேல் ஜனங்கள் நடக்கிறார்கள். குளிரைப் பற்றி இவ்வளவு போதும். இன்று எழுத வந்தது அந்த ஐஸுக்குக் கீழே இருக்கும் மீனைப் பற்றி. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை என்னையும் பேரனையும் ஏரிக்கு அழைத்துப் போனார். ஐஸ் மேல் நடக்க 4 அங்குலக் கனமாவது வேண்டும் என்பது இங்கே கணக்கு. அன்று ஒரு அடிக்கு மேல் இருந்தது. அதில் துளை போட்டு, விரல் நீளம்கூட இல்லாத தூண்டில் இரையை இறக்குகிறார்கள். கிடைப்பது ப்ளூகில், கிராப்பி என்னும் சிறு மீன்கள். வாணலியில் முழுசாக அடங்கும் என்பதால் இந்த வகைக்கே 'பேன்ஃபிஷ்' என்று பெயர்.

4 டிகிரியில் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் குளிர்நாட்டு ஏரி மேலிருந்து உறையும், அடியில் உறையாத தண்ணீரில் மீன் பிழைக்கும். இதை எத்தனை வருஷம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்! நீங்களும் மனப்பாடமாக எழுதினீர்கள், நானும் டிக் போட்டேன். அந்தத் தண்ணீரில் மீன் எந்த ஆழத்தில் இருக்கும் என்று நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐஸ் பிடித்த புதிதில் கரையோரம் பத்து அடித் தண்ணீரில் செடிகள் பச்சையாக இருக்கும். அவை ஆக்சிஜன் கொடுக்கும், ஒளிய இடமும் கொடுக்கும். மீன் அங்கேதான். ஜனவரியில் பனி மூடி வெளிச்சம் குறைந்ததும் செடிகள் அழுகும். அழுகும்போது ஆக்சிஜனையும் தின்றுவிடும். உடனே கூட்டம் ஆழத்துக்கு நகரும். ப்ளூகில் பெரும்பாலும் தரையை ஒட்டித் திரியும். கிராப்பி தரைக்கும் ஐஸுக்கும் நடுவே தொங்கினாற்போல நிற்கும். அதன் பார்வை மேல்நோக்கியது, அதனால் இரையைத் தலைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். கீழே போய்விட்டால் கண்டுகொள்ளாது. கடைசியில் ஐஸ் உருகத் தொடங்கியதும் மறுபடி கரையோரம் வந்துவிடும்.

இப்போது சோனார் வந்துவிட்டது. எத்தனை அடியில் மீன், எத்தனை அடியில் இரை, எல்லாம் திரையில் தெரிகிறது. எங்கள் திரையில் 35 அடியில் ஒரு கூட்டம் நின்றது.

நம் ஊர்க் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும், பிடித்ததெல்லாம் குழம்பாகும். இங்கேயோ, பெரியதை வைத்துக்கொண்டு சிறியதைத் திருப்பி விடுகிறார்கள். எனக்கு அது நம்மைவிட உயர்ந்த பழக்கமாகத் தெரிந்தது. பேரனிடமும் "பார்த்தாயா, எவ்வளவு நல்ல மனசு" என்று பாடம் எடுத்தேன்.

பேரனுக்கு ஒரு கிராப்பி மாட்டியது. சின்னது. நான்தான் "விட்டுடுடா கண்ணா" என்றேன். துளையில் விட்டான். அது கீழே போகவில்லை. வயிறு உப்பி, கண் பிதுங்கி, பக்கவாட்டில் மிதந்தது. விரலால் அழுத்திப் பார்த்தான். மறுபடி மேலே வந்தது.

"அம்மாச்சி, நாமதான் விட்டுட்டோமே, ஏன் போக மாட்டேங்குது?"

எனக்குப் பதில் தெரியும், அதுதான் வருத்தம். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதும் நான் நடத்திய பாடம்தானே. 35 அடியில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. இந்த மீன்களுக்கு அந்தப் பை மூடியது, காற்றை வாய் வழியாகச் சட்டென்று விட முடியாது. சில நொடியில் மேலே இழுத்தால் பை இரண்டு மடங்காக உப்பி உள்ளுறுப்புகளை நசுக்கிவிடும். நீந்திப் போகிற மீனும் பிறகு செத்துப்போகலாம், நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் கருத்து இது. ஆழத்தில் பிடித்த மீனைத் திருப்பி விடுவது மீனுக்குச் செய்யும் உதவி இல்லை, நம் மனசுக்குச் செய்துகொள்ளும் சமாதானம். ஆழத்தில் தூண்டில் போட்டால், சின்னதோ பெரியதோ, முதலில் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு ஆனதும் எழுந்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராப்பி என்று சட்டம் இருக்கிறது. பத்தும் பெரியதாக வேண்டும் என்று இருபதை இழுத்தால், செத்தது இருபது, கணக்கில் பத்து. பொறுக்கி எடுக்கத்தான் ஆசை என்றால், மீன் கரையோரம் வரும் நாளுக்குக் காத்திருக்கலாம். பத்து அடியில் பிடித்ததைப் பதமாக விட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அத்தை, எல்லாமே சாகாது. சிலது பிழைக்கும். நாள் முழுக்க வேலை பார்க்கிறவனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு, நாலு மீனோடு எப்படி எழுந்திருக்கிறது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 'சிலது பிழைக்கும்' என்பதை நம்பி ஒரு குழந்தைக்குக் கருணையைக் கற்றுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பேரனிடம் ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சின்ன கிராப்பியை வீட்டுக்கு எடுத்து வந்தோம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் தடவி வறுத்தேன். நாலு வாய்கூட இல்லை. பேரன் முள் மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டான்.

உங்களில் மீன் பிடிக்கிறவர்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்வது தவறென்றால் திருத்துங்கள். இப்போது நான் மாணவி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்