நாற்றம் இருக்கு... வீரியம் இருக்கா?

இரும்பையில் கடை வாசலில், கொளுத்துகிற வெயிலில், பழைய தண்ணீர் பாட்டிலில் பிளீச்சிங் திரவம் விற்கிறது. லேபிள் கிடையாது. தேதி கிடையாது. மூக்கைத் துளைக்கிறது. ஆனால் கிருமி சாகுமா?

சந்தேகம்தான் சார்! இந்தச் சரக்குக்கு வெயிலும் வெளிச்சமும்தான் எமன். நாளாக நாளாக வீரியம் செத்து, கடைசியில் கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிச்சம். தயாரிக்கும்போதே கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்து, வெளிச்சம் புகாத கேனில் அடைத்து, நிழலில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். இதற்கு என்ன பெரிய செலவு?

இன்னொரு ஆபத்தும் உண்டு. என்ன சரக்கு என்று தெரியாமல் கக்கூஸ் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும்!

தயாரித்த தேதி, வீரியம் எத்தனை சதவீதம், எச்சரிக்கை - மூன்றும் ஒட்டாத பாட்டிலை வாங்காதீங்க. அதிகாரிகளும் கடைப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார்களா?