கதவுக்கு அணிகலன்

நம் இல்லத்திற்கு வரும் விருந்தினரின் கை முதன்முதலில் தொடுவது கதவையே. சுவரின் வண்ணத்தையும் கூடத்து நாற்காலிகளையும் அவர் பின்னரே காண்கிறார். ஆயினும், கதவின் மரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குவோர்கூட அதன் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றைப் பற்றிச் சிந்திப்பதில்லை; கடையில் கிடைத்தது போதும் என்று விட்டுவிடுகின்றனர்.

நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. செட்டிநாட்டு இல்லங்களின் பர்மாத் தேக்குக் கதவுகளில் பித்தளை வளையங்களும் கனத்த தாழ்ப்பாள்களும் மரத்தோடு ஒன்றி நிற்கக் காணலாம். பழங்காலக் கதவுகளில் பலகையையும் சட்டத்தையும் இறுகப் பிணைத்த ஆணியின் தலையே குமிழாகி அழகு தந்தது. கதவை இழுக்க உதவிய வளையமே, வந்தவர் தட்டவும் உதவியது. பயனிலிருந்து பிறந்த அழகு அது. ஆகவேதான் இன்றும் சலிக்கவில்லை.

நாமும் அந்த வழியைப் பின்பற்றலாம். எல்லாக் கதவுகளையும் அலங்கரிக்க வேண்டுவதில்லை. தலைவாயிற் கதவுக்கு நல்லதொரு கைப்பிடியும் தட்டும் வளையமும் போதும். மற்றக் கதவுகளுக்கு அதே உலோகத்தில் எளியவை இருக்கட்டும். வாங்கும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு என அறியலாம். கடலோர ஊர்களில் அத்தகைய முலாம் விரைவில் உரிந்து துருவேறும்.

பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. இரும்புத் திருகாணியானால், ஈரக்காற்றில் அது விரைந்து அரிக்கப்படும். பித்தளைத் திருகாணி மென்மையானது. ஆதலால் அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் செலுத்தி வழி செய்து, அதை நீக்கிய பின் இதைப் பொருத்துமாறு தச்சரிடம் சொல்லுங்கள். கைப்பிடி, தரையிலிருந்து 3 முதல் 3½ அடி உயரத்தில் அமைவது நன்று. முதியோர் உள்ள இல்லத்தில் உருண்டைக் குமிழைத் தவிர்த்து, கீழே அழுத்தித் திறக்கும் நீண்ட கைப்பிடியைப் பொருத்துங்கள். மூட்டுவலியால் விரல் மடக்க இயலாத பாட்டியும் பிறர் உதவியின்றிக் கதவைத் திறப்பார்.

பித்தளை கறுத்தால் புளி போதும். தேய்த்தபின் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். புளி மரத்தில் வழிந்து கறை ஏற்படாதவாறு சுற்றிலும் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். மெருகெண்ணெய் பூசிய புதுப் பித்தளையை மட்டும் புளியால் தேய்க்கலாகாது.

இறுதியாக ஒன்று. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளில் பழைய வீடுகளின் கதவுகளும் பித்தளைப் பொருள்களும் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. வெளியூரார் தேடி வந்து வாங்கிச் செல்கின்றனர். அவை ஒரு காலத்தில் ஏதோ ஒரு குடும்பத்தின் கை பட்டுத் தேய்ந்தவை. நீங்களும் தாத்தாவின் வீட்டை இடிக்க நேர்ந்தால், தாழ்ப்பாளையும் வளையத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திண்டுக்கல் பட்டறையில் செய்த பழைய மாங்காய்ப் பூட்டு இருந்தால், அதன் சாவியோடு சேர்த்து எடுத்து வையுங்கள். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. தலைமுறைகள் தொட்ட வளையம் புதுவீட்டுக் கதவில் ஏறட்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடையில் வாங்க இயலாத அணிகலன் அதுவே.